ஏட்டுப் படிப்பும் எடிட்டிங் மேசையும்: திரைப்படக் கல்வியின் கதை

"சினிமாவைப் போய் யாராவது காலேஜில் படிப்பார்களா?" தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் குறைவு. கேட்பவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. புட்டண்ணா கனகலிடம் உதவியாளராக இருந்து வந்தவர் பாரதிராஜா. பாரதிராஜாவிடம் இருந்து வந்தவர் பாக்யராஜ். பாக்யராஜிடம் இருந்து வந்தவர்கள் பாண்டியராஜனும் பார்த்திபனும். கிளாப் அடிப்பதில் தொடங்கி, திட்டு வாங்கி, பத்து வருடம் கழித்துத் தனிப்படம் எடுக்கும் இந்தக் குருகுல முறைதான் கோடம்பாக்கத்தின் பல்கலைக்கழகம். இங்கே தியரி என்ற பேச்சே கிடையாது.

மறுபக்கம் இன்னொரு கூட்டம் உண்டு. உலக சினிமாவைக் கரைத்துக் குடித்தவர்கள். எந்தப் படத்தையும் அலசி ஆராய்ந்துவிடுவார்கள். ஆனால் கையில் கேமராவைக் கொடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியாது! இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டே இருக்கும்.

ஆனால் நூறாண்டுக்கு மேற்பட்ட திரைப்படக் கல்வியின் வரலாற்றைப் புரட்டினால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. படம் பார்க்கும் அறையும் படம் எடுக்கும் அறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தபோதெல்லாம் சினிமா ஓர் அடி முன்னே போயிருக்கிறது. அந்தக் கதை பஞ்சத்தில் தொடங்குகிறது.

பிலிம் இல்லாமல் எடுத்த படங்கள்

1919-ஆம் ஆண்டு மாஸ்கோ. புரட்சி முடிந்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். சாப்பாட்டுக்கே திண்டாட்டம். அந்த ஆண்டுதான் அங்கே அரசு ஒரு திரைப்படப் பள்ளியைத் தொடங்கியது. உலகின் முதல் அரசு திரைப்படப் பள்ளி என்று சொல்லப்படும் இது, பின்னாளில் 'விஜிக்' என்ற பெயரில் புகழ்பெற்றது.

பள்ளி இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள். பிலிம்தான் இல்லை! கச்சா பிலிம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பொருள். போரினால் வரத்து நின்றுபோயிருந்தது. அங்கே பாடம் நடத்த வந்தவர் லெவ் குலஷோவ். அப்போது அவருக்கு இருபது வயதுதான் இருக்கும். பிலிம் வரும்வரை காத்திருக்காமல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாணவர்கள் மேடையில் ஒரு காட்சியைத் துண்டு துண்டாக நடித்துக் காட்ட வேண்டும். இது குளோசப், இது லாங் ஷாட் என்று ஒவ்வொரு துண்டையும் பிரித்து, படத்தில் எப்படி வருமோ அப்படியே வரிசையாகச் செய்ய வேண்டும். 'பிலிம் இல்லாத படங்கள்' என்றே இதற்குப் பெயர். கேமரா ஓடாமலேயே மாணவர்கள் ஷாட் பிரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

கையில் கிடைத்த பழைய பிலிம் துண்டுகளையும் குலஷோவ் விடவில்லை. மஸ்ஜூகின் என்ற நடிகரின் முகம் வரும் ஒரே ஷாட்டை எடுத்துக்கொண்டார். ஒரு தட்டு சூப், ஒரு சவப்பெட்டி, விளையாடும் ஒரு குழந்தை ஆகிய ஷாட்டுகளுடன் அதை மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த நடிகர் பசியையும் துயரத்தையும் மகிழ்ச்சியையும் அற்புதமாக நடித்திருக்கிறார் என்று வியந்தார்களாம். முகம் என்னவோ ஒன்றேதான்! அந்தத் துண்டுப்படம் இன்று கிடைக்கவில்லை. அடுத்தடுத்து என்னென்ன ஷாட்டுகள் வைக்கப்பட்டன என்பதில் குலஷோவ் சொன்னதும் அவருடைய மாணவர் புடோவ்கின் சொன்னதும் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் 'குலஷோவ் விளைவு' என்ற பெயரில் இது உலகெங்கும் முதல் வருடப் பாடமாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திரைப்படத் தியரியின் முதல் பெரிய கண்டுபிடிப்பு, ஒரு பட்டறையில் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருந்தபோது பிறந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களே பிறகு படமும் எடுத்தார்கள். புடோவ்கின் 'தாய்' (1926) எடுத்தார். அதே பட்டறையில் சில மாதங்கள் பயின்ற ஐசன்ஸ்டைன் 'பொட்டம்கின் போர்க்கப்பல்' (1925) எடுத்தார். இருவருமே எடிட்டிங் பற்றி எழுதியவை இன்றும் பாடநூல்கள். எழுதிய கையும் வெட்டி ஒட்டிய கையும் ஒன்றுதான்.

அமெரிக்கப் பாடம் தமிழுக்கு வந்த வழி

அமெரிக்காவில் பஞ்சம் இல்லை, பணம் இருந்தது. 1929-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம், ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியுடன் சேர்ந்து சினிமா வகுப்பைத் தொடங்கியது. டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ், கிரிஃபித் போன்ற ஜாம்பவான்களே பாடம் நடத்தினார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆரம்பகால மாணவர்களில் ஒருவர் ஒஹையோ மாநிலத்துக்காரரான எல்லிஸ் ஆர். டங்கன். உடன் படித்த மாணிக் லால் டாண்டனுடன் 1935-ல் இந்தியாவுக்கு வந்தார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவர், பதினைந்து ஆண்டுகள் இங்கேயே தங்கிவிட்டார். தமிழ் தெரியாமலேயே தமிழ்ப்படம் இயக்கினார்! அவர் இயக்கிய முதல் தமிழ்ப்படம் 'சதிலீலாவதி' (1936). அதில்தான் ஒரு சிறிய வேடத்தில் எம்.ஜி.ஆர். அறிமுகமானார். பிறகு 'சகுந்தலை' (1940), 'மீரா' (1945), 'மந்திரிகுமாரி' (1950) என்று தொடர்ந்தார். நாடக மேடையை அப்படியே படம் பிடித்துக்கொண்டிருந்த தமிழ் சினிமாவில் கேமரா நகரத் தொடங்கியதில், குளோசப்புகள் பேசத் தொடங்கியதில் டங்கனுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று சினிமா வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சினிமாவைக் கல்லூரியில் படிப்பார்களா என்று கேட்பவர்கள், எம்.ஜி.ஆரை முதன்முதலில் இயக்கியவரே கல்லூரியில் சினிமா படித்தவர்தான் என்பதை மறந்துவிடக்கூடாது!

பார்த்தே படித்தவர்கள்

இதற்கு எதிர்வாதமாக எப்போதும் பிரான்சைக் காட்டுவார்கள். ட்ரூஃபோ, கோதார், ரிவெத் ஆகியோர் திரைப்படப் பள்ளியில் படித்தவர்கள் இல்லை. பாரிஸின் 'இதெக்' திரைப்படப் பள்ளி ரிவெத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை. இவர்களுடைய பள்ளிக்கூடம், ஹென்றி லாங்லுவா 1936-ல் தொடங்கிய சினிமாதெக் என்ற ஆவணக் காப்பகத்தின் திரையரங்கம். பழைய படங்களைப் பார்த்துத் தள்ளினார்கள். 1951-ல் தொடங்கிய 'கையே து சினிமா' இதழில் விமர்சனம் எழுதிக் குவித்தார்கள். பிறகு '400 அடிகள்' (1959), 'பிரெத்லெஸ்' (1960) என்று உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள்.

ஆனால் பலரும் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று இருக்கிறது. முதல் முழுநீளப் படத்துக்கு முன்பே மூவரும் குறும்படங்கள் எடுத்துக் கையைப் பழக்கிக்கொண்டவர்கள். எழுதிக்கொண்டே எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே எழுதினார்கள். பள்ளிக்கூடம்தான் இல்லையே தவிர, அந்த இரண்டு அறைகளும் அவர்களிடம் இருந்தன.

கிழக்கு ஐரோப்பாவில் அதே இரண்டு அறைகளை அரசே கட்டிக்கொடுத்தது. பிராக் நகரில் 1946-ல் 'ஃபாமு', போலந்தின் வூச் நகரில் 1948-ல் திரைப்படப் பள்ளி. வெளியே பொதுமக்கள் பார்க்க முடியாத மேற்கத்தியப் படங்கள்கூட உள்ளே மாணவர்களுக்குத் திரையிடப்பட்டன. வூச் பள்ளியின் மரப்படிக்கட்டு புகழ்பெற்றது. படம் பார்த்துவிட்டு மாணவர்கள் அங்கே உட்கார்ந்து சண்டை போடுவார்கள். வாய்தா, போலன்ஸ்கி, கீஸ்லோவ்ஸ்கி எல்லாம் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்தவர்கள்தான். கீஸ்லோவ்ஸ்கிக்கு மூன்றாவது முயற்சியில்தான் இடமே கிடைத்தது.

மூடிய ஸ்டுடியோவில் திறந்த பள்ளி

இந்தியாவில் 1949-ல் எஸ்.கே.பாட்டீல் தலைமையில் திரைப்பட விசாரணைக் குழு ஒன்றை அரசு அமைத்தது. 1951-ல் அறிக்கை வந்தது. திரைப்படப் பயிற்சிக்கு ஒரு நிறுவனம் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1960-ல், பூனாவில் அது நிஜமானது.

தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் பிரபாத் ஸ்டுடியோ. 'சந்த் துக்காராம்' (1936) போன்ற படங்களை எடுத்துக் கொடிகட்டிப் பறந்து, 1950-களில் மூடப்பட்ட நிறுவனம் அது. படப்பிடிப்புத் தளங்கள் தயாராக இருந்தன. புதிதாக வந்தது வகுப்பறைதான்! 1960-களில் முதல்வராக இருந்த ஜகத் முராரி, டங்கன் படித்த அதே தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். மாமல்லபுரத்தைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம், முதலாவது தேசிய விருதுகளில் சிறந்த ஆவணப்படமாகத் தேர்வானது.

பூனாவின் உண்மையான பலம் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் சதீஷ் பகதூர். சினிமா ரசனைப் பேராசிரியர். 'பதேர் பாஞ்சாலி'யை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பாடம் நடத்தியவர். ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இங்கே ஏன் கேமரா நகர்கிறது, இந்த ஒலி ஏன் முன்னதாகவே வருகிறது என்று கேட்டுக்கொண்டே போவார். இன்னொருவர் ரித்விக் கட்டக். 1960-களின் நடுவில் கொஞ்ச காலமே துணை முதல்வராக இருந்தார். ஆனால் மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் என்று ஒரு தலைமுறையையே உருவாக்கிவிட்டார். ஒருவர் நிதானமான ஆய்வாளர், மற்றவர் கொதிக்கும் கலைஞர். மாணவர்களுக்கு இரண்டுமே கிடைத்தன.

மூன்றாவதாக இன்னொரு அதிர்ஷ்டம். 1964-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் பூனாவிலேயே தொடங்கப்பட்டது. பி.கே.நாயர் என்ற மனிதர் ஊர் ஊராக அலைந்து பழைய பிலிம் சுருள்களைத் தேடிச் சேர்த்தார். பகலில் கேமரா பிடித்த மாணவர்கள் இரவில் ஒசு, பிரெஸ்ஸான் என்று பார்த்தார்கள். வேறு ஊரில் புத்தகத்தில் மட்டுமே படிக்கக்கூடிய படங்கள் அவர்களுக்குத் திரையிலேயே கிடைத்தன.

விளைவு என்ன? 1969-ல் மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' வந்தது. ஒளிப்பதிவு கே.கே.மகாஜன், பூனா மாணவர். கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணன் 'சுயம்வரம்' (1972) எடுத்தார். அவரும் பூனா. ஜான் ஆபிரகாம் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்தார். இலங்கையின் மட்டக்களப்பிலிருந்து பூனா சென்று ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திரா, 'அழியாத கோலங்கள்' (1979), 'மூடுபனி' (1980), 'மூன்றாம் பிறை' (1982) என்று தமிழ்த் திரையின் வெளிச்சத்தையே மாற்றினார். ஜன்னல் வழியே விழும் இயல்பான ஒளியை நம்பிப் படம் எடுக்கலாம் என்று இங்கே காட்டியவர்களில் முதன்மையானவர் அவர்.

தொலைக்காட்சி வந்ததும் மாறிய பாடம்

1959-ல் டெல்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய தொலைக்காட்சி, 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக்கு வந்தது. அதற்கு ஆள் தயார் செய்யவேண்டிய கட்டாயம். 1971-ல் டெல்லியில் தொடங்கப்பட்ட தொலைக்காட்சிப் பயிற்சிப் பிரிவு 1974-ல் பூனாவுக்கு மாற்றப்பட்டது. நிறுவனத்தின் பெயரில் தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டது.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். வேலை முறை வேறு. சினிமாவில் பெரும்பாலும் ஒரே கேமரா. எடிட்டிங் பல வாரம் கழித்து. தொலைக்காட்சி ஸ்டுடியோவில் மூன்று நான்கு கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து எந்தக் கேமராவின் படம் போகவேண்டும் என்று அந்த நொடியிலேயே முடிவெடுக்க வேண்டும். யோசிக்க நேரம் இல்லை. ஆகவே யோசனை முழுவதும் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும்!

தொலைக்காட்சி இன்னொரு கேள்வியையும் கொண்டுவந்தது: பார்ப்பது யார்? 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு நடந்த 'சைட்' திட்டத்தில், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் மூலம் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் போய்ச் சேர்ந்தன. அந்த மக்களில் பலர் அதற்கு முன் தொலைக்காட்சியையே பார்த்திராதவர்கள். எது புரியும், எது புரியாது? அதைக் கண்டறிய சமூகவியல் ஆய்வாளர்கள் கிராமங்களுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் கண்டது தயாரிப்பாளர்களிடம் வந்தது. இங்கே தியரி என்பது பொருட்டு ஐசன்ஸ்டைன் கிடையாது. கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு வந்த பதில்கள்தான் தியரி.

அடையாறில் ஒரு பாலிடெக்னிக்

பூனாவுக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே சென்னையில் ஒரு தொடக்கம் நடந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1945-ல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாக ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்றுத்தர ஆரம்பித்தார்கள். அதுவே பிற்காலத்தில் 'அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்' என்று அழைக்கப்பட்டது. இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் அதுதான். டங்கன் அறிமுகப்படுத்திய நடிகரின் பெயரிலேயே திரைப்படக் கல்லூரி அமைந்தது வரலாற்றின் அழகு! (ரஜினிகாந்த் நடிப்புப் பயின்றது இங்கே என்று பலர் நினைக்கிறார்கள். அது தென்னிந்திய பிலிம் சேம்பர் நடத்திய வேறொரு பள்ளி.)

பாலிடெக்னிக்கில் தொடங்கியது என்பதிலேயே ஒரு செய்தி இருக்கிறது. லேத் ஓட்டுவது போல, மோட்டார் ரிப்பேர் போல, சினிமாவும் ஒரு தொழில். லென்ஸ், லைட் மீட்டர், மைக், லேப் என்று கற்றுக்கொண்டு வேலைக்குப் போகலாம். இது குறை சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. பி.சி.ஸ்ரீராம் போன்ற ஒளிப்பதிவாளர்கள் இங்கிருந்து வந்தவர்கள்தான். இயக்கம், எடிட்டிங் போன்ற பாடங்கள் பிறகு சேர்ந்தன.

தொழில் கற்ற கை யோசிக்கவும் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு படங்கள் சாட்சி. முதலாவது 'அவள் அப்படித்தான்' (1978). இன்ஸ்டிடியூட்டில் படித்த ருத்ரய்யா இயக்கியது. எழுத்தாளர் வண்ணநிலவனும் திரைக்கதையில் பங்கேற்றார். கதாநாயகன் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவன். படத்துக்குள்ளேயே இன்னொரு படம்! கமல், ரஜினி, ஸ்ரீபிரியா என்று நட்சத்திரங்கள் இருந்தும் அன்று ஓடவில்லை. இன்று தமிழின் மிகச்சிறந்த படங்களின் பட்டியலில் தவறாமல் இடம்பிடிக்கிறது. இரண்டாவது 'ஊமை விழிகள்' (1986). ஆபாவாணன், அரவிந்த்ராஜ் உள்ளிட்ட இன்ஸ்டிடியூட் மாணவர்கள் சேர்ந்து சினிமாஸ்கோப்பில் எடுத்த மர்மக்கதை. பட்டிதொட்டியெங்கும் ஓடியது. "இன்ஸ்டிடியூட் பசங்களா? ஆர்ட் படம்தான் எடுப்பாங்க" என்று ஒதுக்கிய தயாரிப்பாளர்கள் அதற்குப் பிறகு கதவைத் திறந்தார்கள்.

ஆக, சென்னையில் பட்டறை இருந்தது. பூனாவைப் போலப் பக்கத்தில் ஒரு காப்பகம் மட்டும் இல்லை. அதன் விலை பெரிது. தமிழகத்தில் எடுக்கப்பட்ட முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இல்லை. தன் சொந்த மொழியின் தொடக்கத்தைத் திரையில் பார்க்க முடியாத மாணவன், தன் மரபை எங்கிருந்து படிப்பான்? காப்பகம் இருந்தாலும் காவல் வேண்டும். 2003 ஜனவரியில் பூனாவில் ஏற்பட்ட தீ விபத்தில் பழைய நைட்ரேட் பிலிம் சுருள்கள் ஏராளமாக எரிந்துபோயின. தமிழுக்கு ஒரு திரைப்படக் காப்பகம் வேண்டும் என்று பாலு மகேந்திரா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். 2014-ல் அவர் மறைந்தார். கோரிக்கை மறையவில்லை.

கைபேசிக் காலத்தில்

பிலிம் பஞ்சம் இன்று இல்லை. பிலிமே கிட்டத்தட்ட இல்லை! பாக்கெட்டில் இருக்கும் கைபேசியில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுத்ததை அதிலேயே வெட்டலாம். செய்முறைப் பயிற்சிக்கு இனிப் பள்ளி எதற்கு என்று தோன்றுவது இயல்பு.

2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் வந்த 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். இளைஞர்கள் குறும்படம் எடுத்துவர, நடுவர்கள் ஊரறிய அதை அலசினார்கள். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். 'பீட்சா' (2012), 'சூது கவ்வும்' (2013) என்று வரிசையாக வெற்றிகள். அவர்கள் சொந்தச் செலவில் எடுத்தார்கள். அதற்குப் பள்ளி தேவைப்படவில்லை. ஆனால் எடுத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, "இந்த ஷாட் இங்கே எதற்கு?" என்று கேட்க ஆள் தேவைப்பட்டது. மாஸ்கோவில் குலஷோவ் கேட்ட கேள்வியும், பூனாவில் சதீஷ் பகதூர் கேட்ட கேள்வியும் அதுதான்.

கருவி மலிவாகிவிட்டது. கேள்வி மலிவாகவில்லை. கருவி எளிதில் கிடைக்கும் காலத்தில்தான் அந்தக் கேள்வி கூடுதலாகத் தேவைப்படுகிறது. பத்தே நிமிடத்துக்கு மட்டும் பிலிம் இருந்தால் ஒவ்வொரு ஷாட்டையும் பத்துமுறை யோசிக்கத்தான் வேண்டும். பத்து மணி நேரம் எடுக்கலாம் என்னும்போது யோசனை தானாக வராது, அதைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

குருகுலமா கல்லூரியா என்ற சண்டை இன்னும் பல காலம் நடக்கும், நடக்கட்டும். எதில் சேர்ந்தாலும் அங்கே இரண்டு அறைகள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சேர்வது நல்லது. ஒன்றில் கேமராவும் எடிட்டிங் மேசையும். இன்னொன்றில் பழைய படங்களும், அவற்றைப் பற்றிச் சண்டை போட நாலு நண்பர்களும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் அதை மாணவர்களே ஏற்படுத்திக்கொள்ளலாம். குலஷோவிடம் பிலிம்கூட இல்லை!